பக்கத்து வீட்டுச் சுவிச் போட்டிருக்கும்போது

முப்பத்திரண்டு வயதில் என்னை "ரிட்டயர்ட் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். பழகிவிட்டது. இடது காதின் உள்ளே ஏதோ ஒரு திரவம் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. ஏணியில் ஏறினால் இந்த இத்தாலிய நகரம் பலேர்மோ முழுவதும் துறைமுகப் பக்கம் சரிந்து விழப்போவதுபோல இருக்கும். வைத்தியர் கூரைக்குத் தடை போட்டார். அத்தோடு சோலர் பனல் பொருத்தும் என் உத்தியோகம் முடிந்தது. இப்போது தரையில் நின்று பிறருடைய கூரைகளைச் சந்தேகப்படுகிறேன்.

அதற்கும் ஆள் வருகிறது. அண்மையில் இந்தத் தொழிலுக்கு வந்த எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி ஒரு பெட்டியின் படத்தை அனுப்பினாள். பச்சை ஸ்டிக்கர், அதில் தீயணைப்பு வீரரின் தலைக்கவசம், கீழே கொட்டை எழுத்தில் "ரப்பிட் ஷட்டவுன்", அதாவது அவசர நிறுத்தம்.

"வாங்கலாமோ அக்கா?"

"வாங்காதை எண்டு சொல்லேல்லை. இந்தப் பெட்டி ஆரோடை கதைக்கும் எண்டு கடைக்காரனைக் கேள்."

"பெட்டி கதைக்குமோ?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொழில்நுட்பப் பாடசாலையில் மின்சாரம் படித்தேன். வகுப்பில் நான் மட்டும் தமிழ். சூரியன் என்றாலே எனக்கு வேகம் பிடித்துவிடும். புதிதாக என்ன கருவி வந்தாலும் அதன் கையேட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து வாசிப்பேன். அம்மா, "இதுக்கும் ஒரு செபம் இருக்கோ, இவ்வளவு பக்தியா வாசிக்கிறாய்?" என்பா. பிறகு ஒரு சிறிய கம்பனியில் சேர்ந்தேன், ஏணி தூக்கினேன், தோல் கறுத்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் பனல் மின்சாரம் தரும்; அதை யாரும் "நில்" என்று சொல்லி நிறுத்த முடியாது. வீட்டின் மெயின் சுவிச்சை அணைத்தாலும் கூரையிலிருந்து கீழே இறங்கும் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ற் அப்படியே நிற்கும். வீடு எரியும்போது சுவரை வெட்டவும் தண்ணீர் அடிக்கவும் வருகிறவருக்கு அந்த வயர் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் ஒவ்வொரு பனலின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோம். கீழே, வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு அனுப்பி இருக்கும். அது அதே வயர் வழியாக "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று ஓயாமல் ஒரு சமிக்ஞை அனுப்பும். அது கேட்கும்வரை பெட்டி மின்சாரத்தை விடும். சுவிச்சை அணைத்தால் அனுப்பி வாயை மூடும். பெட்டியும் பனலை மூடிவிடும். அமெரிக்காவில் இத்தனை செக்கனுக்குள் இத்தனை வோல்ற்றுக்குக் கீழே வரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இத்தாலியில் வீடுகளுக்கு அப்படி வரிக்கு வரி இல்லாவிட்டாலும், காப்புறுதிக்காரர் கேட்பார், கட்டடத்தில் குடியிருப்போர் கூட்டம் கேட்கும். கேட்பது நல்லதுதான். யாரைக் கேட்கிறார்கள், என்ன பதிலை நம்புகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

என் சந்தேகம் கபோ சந்தைப் பக்கம் ஒரு மாடியில் தொடங்கியது. அங்கே ஒரு மீன் வியாபாரி இணையத்தில் மலிவாகப் பெட்டிகளை மட்டும் வாங்கியிருந்தார். அனுப்பி தனியாக வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சமிக்ஞை கேட்காத பெட்டிகள் மின்சாரமே விடவில்லை. பொருத்த வந்தவர் என்ன செய்தார்? பெட்டிகளைத் தவிர்த்து வயரை நேரே இணைத்துவிட்டுப் போய்விட்டார். மின்சாரம் வந்தது, வியாபாரிக்குச் சந்தோஷம். பனலுக்கு அடியில் ஒன்றுக்கும் உதவாத பெட்டிகள், வாசலில் தலைக்கவச ஸ்டிக்கர். அன்றிலிருந்து ஸ்டிக்கரைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு, பிறகு பயம்.

என் மேலதிகாரி சால்வோ வேறு மாதிரி ஆள். (அவரும் இதில் வரும் மற்ற இத்தாலியரும் பேசியது இத்தாலியம், எனக்குள் அது எங்கள் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.) ஐம்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டையோடு கூரைக்கு வருவார், அதே மடிப்போடு இறங்குவார். எந்த வீட்டிலும் சிஞ்ஞோராக்கள், அந்த வீட்டு அம்மாமார், அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பார்கள். வேலை தொடங்குமுன் மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்ப்பார். பிறகு அந்தக் கூரையில் பனல் இருக்கிற வீடுகளின் சுவிச்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அணைப்பார். அணைத்ததும் "மோர்த்தோ!" என்று கத்துவார், செத்தது என்று அர்த்தம். மேலே நிற்கிறவர் திருப்பி "மோர்த்தோ!" என்று கத்தவேண்டும். கத்தாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறி வருவார். வோல்ற் அளக்கும் மீற்றரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்துப் பார்ப்பார், பிறகு வயரில், பிறகு மறுபடியும் பிளக்கில். இடையில் மீற்றரே செத்துப்போயிருந்தால்? அதுதான் அவர் கேள்வி.

"எல்லாம் செத்தாப் பிறகுதான் கை. விளங்குதோ?"

"ஓம், சால்வோ."

"ஓம் எண்டு வாயாலை சொல்லாதை. கையாலை சொல்லு."

இவ்வளவு ஒழுங்கான மனிதரை நான் ஏன் சந்தேகப்பட்டேன்? தெரியவில்லை. எப்போதும் ஒரே களஞ்சியத்திலிருந்துதான் சாமான் எடுப்பார். ஒரே தயாரிப்புதான். கேட்டால் "அது எனக்குப் பழக்கம்" என்பார். நானும் விசாரித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் அகப்படவில்லை. அகப்படாவிட்டால் சந்தேகம் இன்னும் கூடுகிற சாதி நான்.

அந்த நேரத்தில்தான் நகரின் சீசா பகுதியில் பிலோமினா அக்காவின் வீட்டு வேலை வந்தது. மன்னார்க்காரி. கனகாலம் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் துடைத்துக் கூட்டி, இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கியிருந்தா. பலேர்மோவில் எங்கள் ஆட்களுடைய ஞானஸ்நானத்துக்கும் முதல்நன்மைக்கும் கேக்கும் ரோல்ஸும் அந்தக் குசினியிலிருந்துதான் போகும். இரண்டு அவன் அடுப்பு, பெரிய ஃப்ரீசர். சோலர் வந்தால்தான் அந்தக் குசினி மூச்சுவிடும் என்ற நிலை.

அதே மாடியில் எதிர்வீடு சிஞ்ஞோரா அகத்தா. விதவை, வெள்ளைத் தலை, கதவின் துவாரத்தில் எப்போதும் ஒரு கண். அவவுக்கும் மொட்டை மாடியில் பனல் இருந்தது. முந்தின வருடம் எங்கள் கம்பனிதான் போட்டது. பிலோமினா அக்கா பனல் போடுவது அவவுக்குப் பிடிக்கவில்லை. "என்ரை பனலுக்குப் பக்கத்திலை ஏன்? என்ரை வெயிலை இவள் இழுக்கப் போறாள்" என்று படிக்கட்டில் நின்று சொன்னா.

"வெயிலை இழுக்கேலாது சிஞ்ஞோரா," என்றேன்.

"நீ அவளின்ரை ஆள். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

குடியிருப்போர் கூட்டம் ஒரு நிபந்தனையோடு விட்டது. பொருத்தியபின் கூட்டத்தின் முன்னால், அவசர நிறுத்தம் வேலை செய்கிறது என்று நாங்கள் உறுதி சொல்லவேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகவேண்டும். அகத்தா இரண்டு தரம் கைதூக்கி அந்த வரியைப் போட வைத்தா.

வயரைக் கீழே கொண்டுவருவதில் ஒரு பிரச்சினை. நான் கீறிய வழி, வெளிச்சுவரால் இறங்கி முன்னறைச் சுவரைத் துளைத்து உள்ளே வருவது. அந்தத் துளை விழவேண்டிய இடத்தில் மடு மாதாவின் படம் இருந்தது. முன்னால் சின்ன விளக்கு, பிளாஸ்ரிக் பூ, ஊரிலிருந்து வந்த செபமாலை.

"அதிலை துளைக்கேலாது, பிள்ளை. இந்த வீட்டுக்குள்ளை முதல் வந்தது அவதான். பாலும் காய்ச்ச முதல்."

"கொஞ்சம் தள்ளி வைக்கலாமே அக்கா?"

"வச்ச இடத்திலையிருந்து மாதாவை எழுப்புறதோ? வேறை வழி பார்."

சால்வோ வேறு வழி பார்த்தார். அகத்தாவின் வயர் ஏற்கனவே உள்முற்றத்துச் சுவரால் ஒரு தடித்த குழாயில் இறங்கியிருந்தது. அதில் இடம் இருந்தது. கூட்டமும் சம்மதித்தது. அகத்தாவின் முறைப்போடு இரண்டு வீட்டு வயரும் மொட்டை மாடியிலிருந்து இரண்டாம் மாடிவரை ஒரே குழாயில் இறங்கின.

கூட்டத்துக்கு முதல்நாள் சால்வோவுக்கு வேறு வேலை. "நீ போய்ச் சோதி. இரண்டு வீட்டையும் அணைச்சுப்போட்டுப் பார்," என்றார். நல்ல வெயில். பிலோமினா அக்காவின் சுவிச்சை அணைத்தேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சிஞ்ஞோரா அகத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

"அணைக்க விடமாட்டன். அவன் அடுப்பிலை பாண் வேகுது."

"கொஞ்ச நேரந்தான், சிஞ்ஞோரா."

"கொஞ்ச நேரம் போதும், என்ரை வயரிலை கொளுவ. போ."

பின்னால் பிலோமினா அக்கா தமிழில் முணுமுணுத்தா: "பாணோ? நேற்றும் பாண், இண்டைக்கும் பாண். இந்தக் கிழவி ஒரு பட்டாளத்துக்கோ சுடுறா?"

வேறு வழியில்லாமல் மேலே போனேன். சால்வோவின் முறையில் மீற்றரை உயிருள்ள பிளக்கில் பார்த்தேன், கையுறை போட்டேன், பிலோமினா அக்காவின் வயர் இணையும் பெட்டியைத் திறந்து மீற்றரை வைத்தேன். வோல்ற் விழுந்தது. அப்பாடா என்று மூடப் போனேன். எண் மறுபடி எழும்பியது. நூறைத் தாண்டி, முந்நூறைத் தாண்டி, நின்றது. பிறகு விழுந்தது, பிறகு எழும்பியது. துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல் ஊதியது. நான் பெட்டியை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

அணைத்த வீட்டின் வயர் உயிரோடு இருந்தது.

முதலில் மீற்றரைச் சந்தேகப்பட்டேன். பிளக்கில் வைத்தேன், சரியாக இருந்தது. பெட்டிகளைச் சந்தேகப்பட்டேன். களஞ்சியத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்தத் தடித்த குழாயைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடும் வயர்களில் ஒன்றின் சமிக்ஞை மற்றதில் கசியும். அகத்தாவின் அனுப்பி "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. ஒரே தயாரிப்பு, ஒரே சமிக்ஞை. அதைக் கேட்ட பிலோமினா அக்காவின் பெட்டிகள் தங்கள் வீட்டு அனுப்பிதான் பேசுகிறது என்று நம்பிவிட்டன.

சால்வோவுக்குப் போன் எடுத்தேன்.

"இரண்டையும் அணைச்சனியோ?"

"இல்லை. சிஞ்ஞோரா விடேல்லை."

"அப்ப அது சோதனையில்லை. இரண்டையும் அணைச்சுப்போட்டுப் பார், சரியா வரும்."

"சரியா வரும் எண்டு எனக்கும் தெரியும். பிலோமினா அக்காவின்ரை குசினி எரிஞ்சா, சிஞ்ஞோரா ஓடிவந்து தன்ரை சுவிச்சையும் அணைப்பாவோ?"

அந்தக் கணத்தில் நான் அவரை முழுதாகச் சந்தேகப்பட்டேன். தெரிந்துதான் எப்போதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சோதித்தாரா? பிறகு "வாறன்" என்று வைத்துவிட்டார்.

கீழே பிலோமினா அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டா. சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டா.

"நாளைக்குக் கூட்டம் முடியட்டும், பிள்ளை. கை தூக்கினாப் பிறகு திருத்துவம். இப்ப சொன்னியெண்டா அந்தக் கிழவி எல்லாத்தையும் கழட்டுவிச்சுப்போடும்."

"திருத்திறதுக்கு முதல் ஏதும் நடந்தா?"

"இவ்வளவு நாளும் நடக்கேல்லையே."

"அக்கா, அந்தக் குழாய் உங்கடை குசினி யன்னலுக்குப் பக்கத்தாலைதான் போகுது."

அவ எழும்பிப்போய் மாதாவின் விளக்கைத் துடைக்கத் தொடங்கினா. ஏற்கனவே துடைத்த விளக்கு அது.

சால்வோ வந்து தானே ஏறினார். சட்டைக் கையை மடித்ததை அன்றுதான் கண்டேன். பிளக், வயர், பிளக். மீற்றர் விழுந்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மொட்டை மாடிச் சுவர்க்கட்டில் உட்கார்ந்து, விரல்விட்டுத் தெருப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. ஒரே கூரையில் இரண்டு வீட்டுக்கு நாங்கள் போட்ட இடங்கள்.

"உங்கடை கைக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டுதான் எல்லாத்தையும் அணைச்சுப்போட்டுப் பாத்தனான்," என்றார். "எல்லாம் செத்த கூரையிலை எது சாகாதெண்டு எப்பிடித் தெரியும்?"

அவரைச் சந்தேகப்படுவதை அத்தோடு விட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அவர் குரலில் நடிப்பு இல்லை.

அடுத்த நாள் கூட்டம் கீழ்வாசல் நடையில், ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கதிரையில். சால்வோ எழுந்து மறைக்காமல் சொன்னார்: அவசர நிறுத்தம் தவறிவிட்டது. அகத்தா துள்ளி எழும்பினா.

"நான் சொன்னனான்! சொன்னனானோ இல்லையோ? கழட்டுங்கோ! எல்லாத்தையும் கழட்டுங்கோ!"

பிலோமினா அக்கா நிலத்தைப் பார்த்தா. எனக்கு வாய் நிற்கவில்லை.

"அப்பிடியெண்டா உங்கடையும் கழட்டவேணும், சிஞ்ஞோரா."

"என்ரையை ஏன்?"

"அவவின்ரை சுவிச் போட்டிருந்தா, உங்கடை வயரும் சாகாது. உங்கடை வீடு எரிஞ்சாலும் இதே கதைதான்."

"பொய். நீ அவளின்ரை ஆள்."

"நம்பவேண்டாம். நாளைக்குக் காலமை மேலை வந்து பாருங்கோ."

கூட்டம் வாக்கெடுப்பை ஒத்திவைத்தது.

காலையில் அகத்தா வந்தா, கைத்தடியோடு, கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு. தன் வீட்டுச் சுவிச்சைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுத்தான் படியேறினா, நாங்கள் ஏமாற்றக்கூடாது என்று. சால்வோ அவவைப் பெட்டியிலிருந்து தள்ளி நிறுத்தி மீற்றரை உயர்த்திப் பிடித்தார். விழுந்தது. எழும்பியது. அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா, கழற்றிவிட்டும் பார்த்தா.

"என்ரை வீட்டிலை நான் அணைச்சனான்."

"ஓம்."

"அப்ப இது ஆற்றை?"

"உங்கடைதான். பிலோமினாவின்ரை அனுப்பி அதை உயிரோடை வச்சிருக்குது," என்றார் சால்வோ.

அவ திரும்பி அந்தக் குழாயைப் பார்த்தா. "இதை ஏன் என்ரை குழாய்க்குள்ளை விட்டனீங்கள்?"

மாதாவின் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. குழாயைப் பங்குபோட ஒரு சாட்டு என்றா. நேரே இறங்கி, முதல் தடவையாகப் பிலோமினா அக்காவின் வீட்டுக்குள் போனா. படத்தைப் பார்த்தா. விளக்கு, பூ, செபமாலை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா. அது பழக்கத்தில் தானாகவே வந்திருக்கவேண்டும்.

"இவ எந்த மாதா?"

"மடு மாதா. எங்கடை ஊர்," என்றா பிலோமினா அக்கா இத்தாலியத்தில்.

"நகரமாட்டாவோ?"

"வச்ச இடத்திலை இருக்கிறவ."

"எங்கடை மாதாவை வருசா வருசம் தோளிலை தூக்கித் தெருத்தெருவாக் கொண்டு திரியிறம். வெடி வேறை கொளுத்திறம். அவ ஒருநாளும் கோவிச்சதில்லை. உன்ரையவ அரை மீற்றருக்குக் கோவிப்பாவோ?"

"எங்கடையவவும் தேரிலை சுத்தி வாறவதான்," என்றா பிலோமினா அக்கா, தோற்றுப்போன குரலில். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தை இரண்டு கையாலும் எடுத்து, அரை மீற்றர் தள்ளிச் சாய்த்து வைத்தா. விளக்கை நான் நகர்த்தினேன். சால்வோ துளைத்தார். தூள் விழாமல் கீழே தட்டுப் பிடித்தது அகத்தா. பிறகு அதே தட்டை, "உன்ரை தட்டு ஊத்தை" என்று திருப்பிக் கொடுத்தா.

வயர் வெளிச்சுவரால், உள்முற்றத்துக் குழாயிலிருந்து வெகுதூரம் விலகி இறங்கியது. இந்தமுறை ஒரு வீட்டை மட்டும் அணைத்தோம், மற்றது போட்டபடி. விழுந்த எண் எழும்பவில்லை. பிறகு மாற்றி அணைத்தோம். அதுவும் விழுந்தே கிடந்தது. கூட்டம் கைதூக்கியது; அகத்தாவின் கை கடைசியாக, அரைவாசி உயரத்துக்கு.

அந்த மாதம் முழுவதும் நானும் சால்வோவும் அவர் விரல்விட்டு எண்ணிய கூரைகளுக்குத் திரும்பப் போனோம். சில இடங்களில் சரியாக இருந்தது, சில இடங்களில் குழாயைப் பிரித்தோம். வேறு சிலவற்றில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அனுப்பி வைத்து, கீழ்வாசலில் ஒரே சுவிச் போட்டோம். அவருடைய "மோர்த்தோ" மாறவில்லை, கைவைக்கும் வேலை என்றால் எல்லாம் சாகவேண்டும். ஆனால் முடிந்தபின் பக்கத்து வீட்டைப் போட்டுவிட்டு இன்னொரு தரம் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வையை என் காது என்னைக் கீழே இறக்கும்வரை நானும் விடவில்லை.

ஆகவே தங்கச்சி, பெட்டி கதைக்கும். எந்த அனுப்பியோடு கதைக்கும் என்று இரண்டையும் சேர்த்துச் சோதித்த அத்தாட்சியைக் கேள். பெட்டி மட்டும் நல்லது என்றால் போதாது. எந்தச் சுவிச்சை அணைத்தால் அந்தக் கதை நிற்கும், அந்தச் சுவிச் தீயணைக்க வருகிறவரின் கைக்கு எட்டுமா என்று கேள். பனலுக்கு அடியிலேயே வீட்டு மின்சாரமாக மாற்றும் சின்ன இன்வேர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பலேர்மோ வெயிலில் அது பழுதானால் கூரைக்கு ஏறப்போவது யார் என்பதையும் கேள். எல்லாம் கேட்டபிறகு, பக்கத்து வீட்டுச் சுவிச் போட்டிருக்கும்போது உன் வீட்டை அணைத்துக் காட்டச் சொல்லு. "தேவையில்லை" என்கிறவனிடம் வாங்காதை.

போன ஞாயிறு பூசை முடிந்து சீசாவுக்குப் போனேன், ஒரு கேக்குக்குச் சொல்லிவைக்க. படிக்கட்டில் காலை வைக்கும்போதே மேலே சத்தம் கேட்டது. வோல்ற் காட்டும் ஒரு மூடிய சின்னத் திரையைச் சால்வோ மொட்டை மாடியில் பொருத்திக் கொடுத்திருந்தார், பெட்டியைத் திறக்காமலே பார்க்கும்படி. அகத்தா அந்தத் திரைக்கு முன்னால். பிலோமினா அக்கா இரண்டாம் மாடியில், கதவைத் திறந்துவைத்து, கை தன் வீட்டுச் சுவிச்சில்.

"மோர்த்தோ?" பிலோமினா அக்கா கத்தினா.

"மோர்த்தோ!"

"கண்ணாடி போட்டனீங்களோ?"

மேலே கைத்தடி ஒரு தரம் நிலத்தில் தட்டியது.

"திருப்பிப் போடு," என்றது அகத்தாவின் குரல். "இன்னொருக்கா அணை."